பச்சையும் ஒரு பச்சைப்புண்ணே

தமிழிலே பச்சை என்னும் சொல் ஒரு நிறத்தை மட்டும் குறிப்பதன்று. காயாத விறகு பச்சை விறகு. காய்ச்சாத பால் பச்சைப்பால். ஆறாத புண் பச்சைப்புண். தோலில் ஊசியாற் குத்திப் பதிக்கும் கோலத்தை நம் முன்னோர் பச்சை என வழங்கியது அதன் நிறம் பற்றியே எனினும், குத்திய முதற் சில வாரங்களுக்கு அச்சொல் மற்றைப் பொருளிலும் முற்றப் பொருந்துகின்றது. குத்திக்கொண்ட இளைஞர் அங்கே ஒரு சித்திரத்தைக் காண்கிறார். கண்டு திடுக்கிடும் பெற்றோர் ஓர் அவமானத்தைக் காண்கின்றனர். அங்கே இருப்பது ஒரு புண் என்பதை இருசாராரும் மறந்துவிடுகின்றனர். அப்புண்ணைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

பச்சை குத்தலாமா, கூடாதா என்னும் வழக்கிற்கு நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. அவ்வழக்கு மிகப் பழையது. 1991 ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியினுள் கண்டெடுக்கப்பட்ட மனிதனின் உடல் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதன்மேல் 61 பச்சைக்குறிகளை ஆராய்ச்சியாளர் எண்ணியிருக்கின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? நமது மலையகத் தோட்டங்களிலே முன்கையிற் கோலமும் புள்ளியும் பதித்த மூதாட்டியரைக் கண்டவர் பலர். இன்று கொழும்பு போன்ற நகரங்களில் இதற்கெனவே நிலையங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனன் தோளிலே சிங்கத்தோடு வந்து இறங்குகிறான். அவன் திரும்பிப் போவதற்குள் இங்குள்ளவனும் ஒன்று குத்திக்கொள்கிறான். குத்தியவர் கூலியை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடம் ஏதோ சொல்லி அனுப்புகிறார். எஞ்சிய மூன்று வாரமும் வீட்டிலேதான் கழிகின்றன. அந்த மூன்று வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதே கேள்வி.

அன்று பூசிய மஞ்சள்

சென்னை நூதனசாலையின் அதிபராயிருந்த எட்கார் தேர்ஸ்டன் என்பார் 1906 இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளில், குறவர் குலப் பெண்கள் பச்சை குத்திய முறையை விவரித்திருக்கின்றார். மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்த திரியை எரித்துக் கரி பிடித்து, அக்கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து மையாக்கினார்கள். குத்தி முடிந்ததும் இடத்தைக் கழுவி மஞ்சள்தூளைத் தேய்த்தார்கள். நிறம் துலங்குவதற்காகவும் வீக்கம் வராதிருப்பதற்காகவும் அவ்வாறு செய்தனராம்.

எழுத்தறியாத அப்பெண்கள் ஓர் உண்மையை அறிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகின்றது: குத்துவதோடு வேலை முடிவதில்லை, பின்னரும் இடத்தைப் பார்க்கவேண்டும். ஆயினும் அவர்கள் கைக்கொண்ட மருந்தை நாமும் அப்படியே கைக்கொள்ளலாமா என்றால், கூடாது என்றே சொல்வோம். மஞ்சளுக்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டென ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுவது மெய். ஆனால், அடுப்பங்கரைப் போத்தலில் ஈரக்கரண்டி பட்டுக் கிடக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. திறந்த புண்ணில் அது கட்டிபட்டு உறுத்தும். சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். தேங்காயெண்ணெய்க்கும் இதுவே விடை. புண் ஆறிய பின் எண்ணெய் பூசுவது நன்று. பச்சையாயிருக்கையில், பலரது விரல் தோய்ந்த எண்ணெய்ப் போத்தலை எடுப்பது நன்றன்று.

தோலுக்குள் நிகழ்வது

இன்று பயிலும் மின்பொறியின் முதல் உரிமைப்பத்திரம் 1891 இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவருக்கு வழங்கப்பட்டது. எடிசன் கண்ட மின்பேனாவே அதற்கு மூலம். காகிதத்தைத் துளையிட்டு எழுத்துப் படியெடுக்கச் செய்த கருவி, மனிதத்தோலைத் துளையிடும் கருவியாயிற்று! அது நிமிடத்திற்குப் பல நூறு தடவை குத்துகின்றது. சிலவேளை ஆயிரத்தையும் கடக்கின்றது. உள்ளங்கையளவு சித்திரம் ஒன்றில் எத்தனை ஆயிரம் துளைகள் இருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நமது தோலின் மேற்படையாகிய மேற்றோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவே தடிப்புள்ளது. அது ஏறக்குறைய மாதத்திற்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகின்றது. மையை அங்கே வைத்தால் அடுத்த மாதமே உதிர்ந்துபோம். ஆகவே ஊசி அதனையுங் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்திலுள்ள உட்டோலில் மையைக் கொண்டுபோய் வைக்கின்றது. உட்டோலில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள. உடல் தன்னுள் அந்நியப்பொருள் புகுந்ததை உணர்ந்து, அயற்பொருளைத் தின்றொழிக்கும் குழியங்களை அவ்விடத்திற்கு அனுப்புகின்றது. அக்குழியங்கள் மைத்துகளை விழுங்குகின்றன; ஆனால் செரிக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. நாம் வெளியே காணும் சித்திரத்தின் பெரும்பகுதி இவ்வாறு மையுண்ட குழியங்களின் கூட்டமே.

அக்குழியங்கள் என்றும் வாழ்வனவல்ல. அங்ஙனமாயின் சித்திரம் மட்டும் ஆண்டுக்கணக்காய் நிலைப்பதெப்படி? பிரான்சு தேசத்து மார்செய் நகர ஆராய்ச்சியாளர் 2018 இல் இதற்கு விடை தந்தனர். எலிகளின் வாலிற் பச்சை குத்தி, மையை விழுங்கிய குழியங்களை மாத்திரம் அழித்துப் பார்த்தனர். சித்திரம் மங்கவில்லை. இறந்த குழியம் கைவிட்ட மையைப் புதிதாய் வந்த குழியம் வாங்கி விழுங்கிக்கொண்டது. ஒரு காவற்காரன் இளைத்தால் மற்றொருவன் வந்து சுமையை ஏற்பதுபோல இது நடைபெறுகின்றது. மையின் ஒரு பகுதி அங்கு நில்லாது நிணநீர் வழியே பயணஞ்செய்து, அக்குள் முதலிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் போய்த் தங்குகின்றது. ஆதலினாற்றான் என்ன மை என்பது முக்கியமாகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரியிலிருந்து பச்சை மைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்களுக்குத் தடையோ அளவோ விதித்திருப்பதும் இது கருதியே.

இவற்றையெல்லாம் விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. சித்திரத்தை வரைபவர் கலைஞர். அதனைப் பிடித்து வைத்திருப்பது குத்துப்பட்டவரின் உடலே. உடல் அவ்வேலையைச் செய்யும்போது அதற்கு இடையூறு செய்யாதிருத்தலே பராமரிப்பின் பெரும்பகுதி. அதிகமாய்ப் பூசியும், அதிகமாய்க் கழுவியும், அடிக்கடி தொட்டுப்பார்த்தும் கெடுத்தவரே மிகுதி.

முதல் மூன்று நாள்

குத்தியவர் ஏதேனும் ஒரு மூடுபொருளால் இடத்தை மூடி அனுப்புவார். அது இரு வகைப்படும். ஒன்று, சமையலறையில் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். இது காற்றை விடாது. நமது நாட்டுப் புழுக்கத்தில் உள்ளே வியர்வையும் கசிவும் சேர்ந்து கிருமிகளுக்கு நல்ல வயலாகிவிடும். வீடு வந்து சேரும்வரை சட்டையில் மை படாதிருக்க அது போதும், சில மணிநேரத்துக்குள் கழற்றிவிடவேண்டும், மீண்டும் சுற்றலாகாது. மற்றையது, வைத்தியசாலைகளில் காயத்தின்மேல் ஒட்டும் ஒளிபுகு மென்படலம். நீரை உள்ளே விடாது, ஆவியை வெளியே விடுவது இது. குத்தியவர் சொன்னபடி ஒரு நாளோ சில நாளோ வைத்திருக்கலாம். உள்ளே மைகலந்த நீர் கோத்து நிற்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் ஓரம் பிரிந்து அந்நீர் ஒழுகத் தொடங்கினால், ஒழுகும் வழியே கிருமியும் உட்புகும்; அப்போது தாமதியாது கழற்றுதல் வேண்டும். படலத்தின் பசை பட்ட இடமெல்லாம் சிவந்து கொப்புளித்தால் அது பசையின் ஒவ்வாமை. அதனையும் உடனே நீக்குக. வெதுவெதுப்பான நீரை ஊற்றி, தோலோடு ஒட்டி மெல்ல மெல்ல இழுத்தால் நோவு குறையும்.

கழற்றியதும் கழுவவேண்டும். முதலிற் கழுவவேண்டியது கையை, பிறகே புண்ணை. இது சொல்லவும் வேண்டுமோ என்று நினைப்பவர் பலர் உண்டு. செய்வோர் சிலரே. வாசனையில்லாத மென்மையான சவர்க்காரத்தை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் மட்டும் தடவிக் கழுவுதல் வேண்டும். பீர்க்கங்கூடு, தேய்க்கும் பஞ்சு முதலியன ஆகா. துவாயால் துடைத்தலும் ஆகாது. வீட்டிலே பலர் பயன்படுத்தும் துவாயைக் காட்டிலும் அழுக்கான பொருள் வேறில்லை என்பது நம் எண்ணம். சுத்தமான கடதாசிக் கைக்குட்டையால் ஒற்றி ஈரத்தை எடுத்து, சிறிது நேரம் காற்றாட விடவேண்டும். நாளொன்றுக்கு இரண்டு முறை கழுவுதல் போதும். வியர்த்துக் கொட்டும் நாளில் மூன்று முறை.

கழுவும் நீரைப் பற்றியும் ஒரு சொல். குழாய்வழிச் சுத்திகரித்த நீர் வரும் ஊர்களில் தொல்லையில்லை. யாழ்ப்பாணத்திலோ நிலத்தடி சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியிலிருந்து கசிவது வெகு விரைவில் கிணற்றைச் சேரவல்லது. தெளிவாயிருக்கிறதென்று கிணற்று நீரை நம்பிப் புண் கழுவலாகாது. கொதிக்கவைத்து ஆறிய நீரை முதல் வாரத்திற்கு உபயோகிப்பது உத்தமம். ஒரு கேத்தில் நீர் காய்ச்சுவதற்கு என்ன செலவு?

முதல் இரண்டு நாளும் இடம் சிவந்து, சூடாய், வெயிலிற் கருகியதுபோல் எரியும். நிறங்கலந்த நீர் கசியும். படுக்கை விரிப்பில் மை படியும். பழைய சுத்தமான விரிப்பொன்றைப் போட்டுப் படுத்தல் நல்லது. காலையில் உடையோ விரிப்போ புண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென இழுக்காது, நீரால் நனைத்துப் பிரித்தெடுக்கவேண்டும்.

உலர விடுவதா, ஈரமாய் வைப்பதா?

புண்ணைக் காயவிட்டுப் பொருக்குக் கட்டச்செய்வதே ஆறுவதற்கு வழி என்று நம் பாட்டிமார் மட்டுமன்று, வைத்தியர்களும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலிற் சிறு புண்களை உண்டாக்கிச் சோதித்தார். காற்றிலே காயவிட்ட புண்ணைவிட, மூடி ஈரப்பதத்துடன் வைத்த புண்ணின்மேல் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. அன்றுதொட்டுப் புண் பராமரிப்பின் போக்கே மாறிற்று. காய்ந்த பொருக்கின் அடியிலே புதுத்தோல் வழிதேடி அலைய நேர்கின்றது. ஈரமான தளத்திலோ அது தடையின்றி ஊர்ந்து செல்கின்றது.

ஆகவே பச்சைக்கும் ஒரு மெல்லிய பூச்சுத் தேவை. மெல்லிய என்பதை அழுத்திச் சொல்கின்றோம். வாசனையும் நிறமும் சேராத பூச்சை ஒரு பட்டாணியளவு எடுத்து, ஒரு மினுமினுப்புத் தோன்றும் அளவிற்குத் தடவினாற் போதும். வழுவழுவென்று அப்பினால் தோல் ஊறி வெளுத்து, பொருக்கு இளகி, மையோடு கழன்று வரும். எந்தப் பூச்சு என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அமெரிக்கத் தோல் வைத்தியர் சங்கம் வசிலின் போன்ற பெற்றோலியப் பூச்சை விலக்கி, நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சையே விதந்துரைக்கின்றது. பச்சை குத்துவோர் பலர் முதல் ஓரிரு நாளுக்குக் களிம்பையும் பின்னர் நீர்ப்பூச்சையும் சொல்கின்றனர். நமது வெப்பத்திற்கு நீர்ப்பூச்சே இசைவானதென எமக்குத் தோன்றுகின்றது.

மருந்துக்கடையிற் கேட்டு வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பைத் தற்காப்புக்கென்று பூசுவோர் இருக்கின்றனர். நியோமைசின் சேர்ந்த களிம்புகள் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. இல்லாத நோய்க்கு மருந்திட்டு, இருக்கும் தோலைக் கொப்புளிக்கச் செய்வானேன்? மதுசாரம், ஐதரசன் பரவொட்சைட்டு, கடுங் கிருமிநாசினித் திரவங்கள் ஆகியவை கிருமியோடு புதுத்தோலையும் எரிப்பன. அவை பாத்திரம் துடைக்கவும் தரை கழுவவும் இருக்கட்டும்.

கேணியும் கடலும்

குளிப்பதில் தடையில்லை. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பதும், தூவாணக் குழாயின் கீழ் விரைவாய்க் குளிப்பதும் பாதகமன்று. நீரில் அமிழ்ந்து ஊறுதலே ஆகாது. குளம், ஆறு, கடல், நீச்சல் தடாகம் எதுவாயினும் புண் முற்றும் மூடும்வரை, குறைந்தது இரண்டு மூன்று வாரம், விலகியிருத்தல் வேண்டும். ஆடியமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் தீர்த்தமாடச் செல்வோரும், பாடசாலை விடுமுறைக்கு நிலாவெளிக் கடலுக்குச் செல்வோரும் அந்த நாளுக்கு முந்திய வாரத்திலா பச்சை குத்துவது? நாட்காட்டியைப் பார்த்து நாள் வைத்தல் வேண்டும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2017 இல் வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியான செய்தி இது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 31 வயதுடைய ஒருவர் காலிற் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாக் கடலில் நீந்தினார். வெப்பமான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிக்கஸ் என்னும் பற்றீரியா புண்வழியே புகுந்தது. காய்ச்சலும் நடுக்கமுமாக வைத்தியசாலை வந்தவரை, சுமார் இரண்டு மாதம் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு முன்னரே மதுவினால் ஈரல் நோய் இருந்தது. அதுவே கிருமிக்குக் கைகொடுத்தது. ஆரோக்கியமான எல்லாருக்கும் இவ்வாறு நேரும் என்பதன்று. ஆனால் தம் ஈரலின் நிலையை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாயிருக்கும் கடல் சூழ்ந்த தீவில் வாழும் நாம் இதனைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது.

தினவு

நாலாம் ஐந்தாம் நாளளவில் எரிவு அடங்கித் தோல் இறுகும். அதன்பின் உரியத் தொடங்கும். பொடுகுபோலவும் பாம்புச்சட்டைபோலவும் நிறத்தோடு சேர்ந்தே உதிரும். சித்திரமே போய்விட்டதெனப் பதறுவோர் உண்டு. உதிர்வது மேற்றோலும் அதிற் சிக்கிய மிகை மையுமே. உட்டோலிற் குடியேறியது அசையாது. உரிந்தபின் சில வாரத்துக்கு அவ்விடம் பால் படர்ந்ததுபோல் மங்கலாய்த் தோன்றும். புதுத்தோல் முதிர முதிரத் தெளிவு தானே வரும்.

இக்காலத்திலே வருவதுதான் தினவு. யாழ்ப்பாணத்தார் இதனைக் கடி என்பர், அச்சொல்லே பொருத்தம்! நகத்தைக் கொண்டுபோகாதிருப்பது பெருந்தவம். பொருக்கை முதிருமுன் பிய்த்தால் அதனோடு மையும் உட்டோலின் துணுக்கும் வந்துவிடும். அவ்விடத்தில் வெள்ளைப் பொட்டோ தழும்போ எஞ்சும். சித்திரங்கெட்டதெனக் குத்தியவரைக் குறைகூறுவோரில் ஒரு பகுதியினர், தூக்கத்திலே தாமே சொறிந்து கெடுத்தவர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுக. சுத்தமான துணியைக் குளிர்ந்த கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து மேலே வைத்தல் தினவைத் தணிக்கும். சிறிது பூச்சுத் தடவுவதும் உதவும். அவ்விடத்து மயிரை மழித்தலும், இறுகிய ஆடை உரசுதலும் ஆகா.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆறும்வரை தளர்ந்த பருத்தியாடையால் மறைத்தலே வழி. வெயிற்காப்புப் பூச்சைத் திறந்த புண்ணிற் பூசலாகாது. ஆறியபின் பூசலாம், பூசவும் வேண்டும். மையை மங்கச் செய்வதில் வெயிலை மிஞ்சியது இல்லை.

வைத்தியரிடம் செல்லவேண்டிய வேளை

சிவப்பும் வீக்கமும் நோவும் மூன்றாம் நாளிலிருந்து குறைந்துகொண்டு போகவேண்டும். குறையாது கூடினால், சித்திரத்தின் எல்லையைத் தாண்டிச் சிவப்புப் பரவினால், மஞ்சளாயோ துர்நாற்றத்தோடோ சீழ் கட்டினால், காய்ச்சலோ குளிரோ கண்டால், புண்ணிலிருந்து செங்கோடு ஒன்று மேல்நோக்கி ஓடினால், கைவைத்தியம் பார்த்து நிற்கும் வேளை அதுவன்று. அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பேனாவால் சிவப்பின் எல்லையைச் சுற்றி ஒரு கோடு வரைந்து வைத்தால், சில மணிநேரத்தில் அது பரவியதா அன்றா என்பது தெரிந்துவிடும். ஏற்புவலித் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் அதனையும் அவரிடம் சொல்லவேண்டும்.

இன்னொரு வகை உண்டு. அது மெல்ல வருவது. 2011 இன் முடிவிலும் 2012 இன் தொடக்கத்திலும் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் பச்சை குத்திய 19 பேருக்கு, வாரங்கழித்துச் சிவந்த சிறு கட்டிகள் கிளம்பின. ஆராய்ந்தபோது, குற்றம் கலைஞரின் கையிலன்று, போத்தலிலே முன்கூட்டிக் கலந்து விற்கப்பட்ட சாம்பல்நிற மையில் இருந்தமை தெரிந்தது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான, நீரில் வாழும் மைக்கோபற்றீரியம் ஒன்று அதிலே கலந்திருந்தது. இவ்வகைக் கிருமிக்குச் சாதாரண மாத்திரைகள் பயன்படா; தக்க மருந்தைத் தெரிந்து நெடுநாள் உட்கொள்ள நேரும். ஆகவே ஒரு நிறம் நின்ற இடத்தில் மட்டும் கட்டிகள் எழுந்தால் எந்த மை என்பதையும் வைத்தியருக்குச் சொல்லுதல் அவசியம். சிவப்பு மை பட்ட இடம் மாத்திரம் தடித்துத் தினவெடுத்தால் பெரும்பாலும் அது ஒவ்வாமை. மாதங்கள் கழித்தும் அது வரலாம்.

குத்துமுன்னரே சிந்திக்கவேண்டியவர் சிலர். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி கட்டுக்குள் இல்லாவிடிற் புண் ஆறத் தாமதமாகும். உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர் வைத்தியரைக் கேளாது குத்தவே கூடாது. நம்மைப்போன்ற கருந்தோலினருக்குத் தழும்பு மேடாக வளரும் கீலொயிட்டு என்னும் இயல்பு அதிகம். தோளும் மார்பும் அதற்கு உகந்த இடங்கள். காது குத்திய துளை குண்டுமணிபோல் திரண்டு நின்றதுண்டா என்று தாயாரைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும். இன்னொன்று: மற்றொருவருக்குப் பயன்பட்ட ஊசியால் வரும் ஈரலழற்சி, எயிட்ஸ் கிருமிகளை எந்தச் சவர்க்காரமும் கழுவிவிடாது. புதிய ஊசியின் உறையைக் கண்ணெதிரே கிழிக்கச் செய்து பார்ப்பது அதற்கு முக்கியமான காப்பு.

வீட்டார் செய்யத்தக்கது

பல்கலைக்கழக விடுதியிலே தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நாலு நாளான பச்சை முன்கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரவேண்டும். அம்மா காணாதிருக்க முழுக்கைச் சட்டை அணிந்து, நெருக்கமான பஸ்வண்டியில் ஆறு ஏழு மணிநேரம் வியர்த்துக்கொண்டு வருகிறான். வந்தும் சட்டையைக் கழற்றுவதில்லை. கிணற்றடியிலே அப்பா நிற்கிறார், ஆகையால் கழுவுவதில்லை. பூச்சுப் போத்தல் விடுதியில். எடுத்துவந்தால் கேள்வி எழும். ஞாயிற்றுக்கிழமை கை வீங்குகிறது. காய்ச்சல் காய்கிறது. நுளம்புக் காய்ச்சலோ என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறாள். அவனும் வாய் திறவாமல் அதைக் குடிக்கிறான்.

இங்கே அவனை வருத்துவது ஊசியன்று, மறைத்தலே. மேலே நாம் கூறிய கழுவுதல், காற்றாட விடுதல், தளர்ந்த ஆடை, பூச்சு ஆகிய ஒன்றையேனும் மறைத்துக்கொண்டு செய்தல் இயலாது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஏசுவதற்கு வருடம் முழுவதும் நாள் இருக்கின்றது, புண்ணுக்கோ இந்த மூன்று வாரமே. கண்டவுடன் கேட்கவேண்டியது “ஏன் குத்தினாய்?” என்பதன்று, “எப்போது குத்தினாய்?” என்பது. அதற்கு விடை கிடைத்தால் மற்றவை எளிது. கேத்தில் அடுப்பில் ஏறட்டும். வாசனையில்லாச் சவர்க்காரம் ஒன்று கடையிலிருந்து வரட்டும். பழைய பருத்திச் சட்டையின் கையை மடித்துவிட்டு மகன் முற்றத்தில் உலாவட்டும். பாட்டியார் மஞ்சள் அரைக்கப் புறப்பட்டால் அவரை மட்டும் மரியாதையாய்த் தடுத்துவிடுக.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மூன்று வாரம் மறைக்கவேண்டிய வீட்டில் வாழ்வீராயின், மூன்று வாரம் மறைக்கவேண்டாத காலம் வரும்வரை பொறுத்தல் உடலுக்கு நல்லது. குத்தியே விட்டால், அம்மாவிடம் சொல்ல அஞ்சினாலும் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ சொல்லிவையுங்கள். முதுகின் நடுவிற் குத்தியவர் தம் கையாலே அதனைக் கழுவுதல் எப்படியும் நடவாது. இரத்ததானம் செய்யச் சென்றால் அங்கும் மறைக்காதீர்கள். சிலகாலம் பொறுத்துவரச் சொல்லுவார்கள், அவ்வளவே.

மேற்புறம் மூடுவதற்கு இரண்டு மூன்று வாரம் என்றோம். அடித்தளம் முற்றிலும் தேறுவதற்கு இரண்டு மூன்று மாதம் செல்லும். அதன் பின்னரே நிறம் எங்கே நின்றது, எங்கே விடுபட்டது என்பது மெய்யாய்த் தெரியும். விடுபட்ட கோட்டைத் திருத்தித் தருவது குத்துவோரிடையே வழக்கம். தோல் மங்கலாயிருக்கும் மூன்றாம் வாரத்திலேயே ஓடிச்சென்று திருத்தக் கேட்டலாகாது. திருத்திய அன்று அந்தச் சிறுகோடு மட்டும் மறுபடியும் பச்சைப்புண்ணே. அதற்கும் கையைக் கழுவிவிட்டு முதல் நாளிலிருந்தே தொடங்கவேண்டும்.